வினாக்கொத்தில் இல்லாத வீடு

சென்ற வருடம் ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது பல்கலைக்கழக மாணவி ஒருவர் விறாந்தையில் காத்திருந்தார். கையில் ஒரு கட்டு வினாக்கொத்து. இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக எங்கள் ஊரில் சீதனம் பற்றித் தகவல் திரட்டுகிறாராம். பெயர் எழுதத் தேவையில்லை, அடையாளமிட்டால் போதும் என்றார். ஏழாவதோ எட்டாவதோ வினா இப்படி இருந்தது: 'திருமணத்தின்போது சீதனம் பெற்றீர்களா? ஆம் / இல்லை.' நான் தயங்காமல் 'இல்லை' என்பதில் அடையாளமிட்டேன். மாணவி தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் போன பின்புதான் உறைத்தது. நான் இருந்த கதிரை என்னுடையது. கதிரை நின்ற விறாந்தை, வீடு, வளவு, கிணறு, மதில் எல்லாம் என் மனைவிக்கு அவருடைய வாப்பா நொத்தாரிசிடம் போய் எழுதிக் கொடுத்தவை. 2009இல் ஒரு பெட்டி புத்தகத்தோடு இந்த வீட்டுக்கு வந்தவன் நான். ஆனாலும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. காசு வாங்கவில்லை, மோட்டார் சைக்கிள் வாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். கிழக்கிலங்கையில் எங்கள் பேச்சில் மகளுக்கு வீடு கொடுப்பது சீதனத்தில் சேர்வதில்லை. அது மழைக்கு முன் கூரை வேய்வதைப்போல ஒரு தகப்பன் செய்யும் வேலை. அந்த ஆய்வேட்டில் எங்கள் ஒழுங்கையில் பலர் சீதனம் பெறாதவர்களாகப் பதிவாகியிருப்பார்கள். பிறகு அது வீதமாகும், வட்ட வரைபடமாகும், ஒரு மாநாட்டில் வாசிக்கப்படும்.

சமூக விஞ்ஞானத்தைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. எனக்கு அதன்மீது மரியாதை உண்டு. அந்த மரியாதை எப்படி வந்தது, எந்த இடத்தில் குறைந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முதல் நம்முடைய இலக்கியத்தின் கணக்கையும் பார்த்துவிட வேண்டும். ஏனெனில் அந்த மாணவியின் வினாக்கொத்தில் இருந்த குறை நம் சிறுகதைகளிலும் இருக்கிறது. வினாக்கொத்தாவது ஒரு பருவத்து வேலை. நாம் பல தசாப்தங்களாக எழுதுகிறோம்.

முஸ்லிம் எழுத்தாளர்களின் சிறுகதைகளில் 'சீதனக் கதை' என்று தனியாக ஒரு வகையே உண்டு. வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு குமர், வயது முப்பதைத் தாண்டுகிறது. ஏழை வாப்பா. பேராசை பிடித்த மாப்பிள்ளையின் தாய். கடைசிப் பக்கத்தில் ஒரு தற்கொலையோ ஒரு இலட்சிய வாலிபனோ வந்து கதையை முடித்து வைப்பார்கள். இந்தக் கதைகளின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நானே ஒன்று எழுதியிருக்கிறேன். 2002இல் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் எழுதிய அக்கதை ஒரு சிற்றிதழில் வந்தது. கதாநாயகன் காசு வேண்டாம் என்று சபையில் எழுந்து சொல்வான். கலாசாலை விடுதியில் நண்பர்கள் என் முதுகில் தட்டினார்கள். அந்த வேளையில் ஊரில் என் வாப்பா இளைய தங்கச்சிக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கிடைத்த கொடுப்பனவில் மாதாமாதம் ஒரு தொகை சீமெந்துக்குப் போனது. அதை எழுதவேண்டும் என்ற எண்ணம்கூட எனக்கு வரவில்லை. கதைக்கு உரிய விடயமாக அது தெரியவில்லை.

இந்தக் குருட்டுத்தன்மைக்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். சீதனத்தை எதிர்க்கும் கதை வடிவம் வேறு ஊர்களிலிருந்து நமக்கு வந்தது. மணமகள் புகுந்த வீட்டுக்குப் போகும் சமூகங்களில் சீதனம் என்றால் நகையும் காசும் பாத்திர பண்டங்களும். அங்கே பெண் அந்நிய வீட்டில் தனியாக நிற்கிறாள், மாமியார் கொடுமை நடக்கிறது. எங்கள் கரையில் ஆண்தான் புகுந்த வீட்டுக்குப் போகிறான். மாமியார் வீட்டில் அடங்கியிருக்கும் மருமகனைப் பற்றி ஊரில் எத்தனை பகிடிகள்! நம் கதைகளிலோ அவன் அருமையாகத்தான் வருகிறான். வாழ்க்கை ஒரு திசையில் போகிறது, கதை வேறு திசையில் போகிறது.

இதை எனக்குக் கண்திறந்து காட்டியது ஒரு மானிடவியல் நூல். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஆய்வைத் தொடங்கியவர். பிறகு பல தடவை திரும்பி வந்தார். 'குருசிபிள் ஒஃப் கொன்ஃப்ளிக்ட்' என்ற அவரது பெருநூல் 2008இல் வெளிவந்தது. நண்பரொருவர் தந்த பிரதியை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தவணை விடுமுறைகளில் வாசித்தேன். கிழக்கு முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் பொதுவாக உள்ள தாய்வழிக் குடிமுறை, பிள்ளை தாயின் குடியைச் சேர்வது, குடிகளின் சார்பில் பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர்மார் இருப்பது, மச்சான் மச்சி முறையில் கலியாணம் பேசுவது எல்லாம் அதில் விரிவாக உண்டு. இவருக்கு முன்பே நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட நூலில் கண்டிக் கிராமத்தோடு கிழக்குக் கரையையும் ஒப்பிட்டிருந்தார். ஆனால் மக்கில்வ்ரேயின் நூலில்தான் நான் என் ஒழுங்கையைப் பார்த்தேன்.

அவருடைய 1989ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று அக்கரைப்பற்றின் வீடுகளைப் பற்றியது. மூத்த மகளுக்குக் கலியாணம் என்றால் பெற்றோர் தாம் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு பக்கத்தில் இன்னொரு வீட்டுக்கு நகர்வார்கள். அடுத்த மகளுக்கு அந்த வீடு போகும். இப்படிக் கடைசி மகள்வரை. வீடும் வயற்காணியும் பெரும்பாலும் பெண்மக்கள் வழியே போகின்றன, ஆண்மக்களுக்கு எஞ்சுவது கொஞ்சம். இதை வாசித்தபோது என் உம்மா வாழ்நாளில் எத்தனை தடவை அடுப்பு மாற்றியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று தடவை. ஒவ்வொரு முறையும் பழைய அடுப்புக் கல்லை மகளுக்கு விட்டுவிட்டுப் புதிய கல் வைத்தார். அன்றைக்கு எனக்கு அது இடம் மாறும் அலைச்சலாகத்தான் தெரிந்தது. உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்த ஒருவர் அதில் ஓர் ஒழுங்கைக் கண்டிருக்கிறார்.

இன்னொரு முக்கியமான அவதானிப்பும் அவரிடம் உண்டு. இஸ்லாமிய வாரிசுரிமைப்படி மகனுக்கு மகளின் பங்கைப்போல் இருமடங்கு. ஆனால் கிழக்கில் வாப்பா மௌத்தாகும்போது பங்கிட அநேகமாக ஒன்றும் இருப்பதில்லை. உயிரோடிருக்கும்போதே கலியாணத்தின்போது மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு, அது வாரிசுச் சொத்தல்ல. ஷரீஅத்தும் மீறப்படவில்லை, தாய்வழி வழக்கமும் நின்றுவிடவில்லை. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு மட்டக்களப்பின் முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் தன் இடத்தை இழந்தது. அதே வருடம் கிறிஸ்தோபர் பிரிட்டோ அச்சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி வைத்துவிட்டுப் போனார். சட்டப் புத்தகத்திலிருந்து போனது வீட்டு உறுதிகளில் உயிரோடிருந்தது என்பதை மக்கில்வ்ரேயின் பக்கங்களில் காணலாம்.

இந்த இடத்தில் என் மரியாதை கொஞ்சம் நிற்கிறது. நூல் முழுவதும் மரைக்காயர்மாரின் குரல் கேட்கிறது, போடிமாரின் குரல் கேட்கிறது, பள்ளி விவகாரங்களின் சந்தடி கேட்கிறது. மதிலுக்கு உட்புறம் அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டவள் என்ன சொல்கிறாள் என்பது அந்த அளவுக்குக் கேட்கவில்லை. ஆண் ஆய்வாளர் ஒருவரால் முஸ்லிம் வீட்டின் குசினிவரை போக முடியாது என்பது நமக்கும் தெரியும். அதனால் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 'வீடு பெண்ணுக்கு உரியது' என்ற வாக்கியத்துக்கும் 'பெண் வீட்டுக்கு எசமானி' என்ற வாக்கியத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

அந்தத் தூரத்தை அளந்தவர் காஞ்சனா ருவன்புர. 2006இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பே 'தாய்வழிச் சமூகங்கள், தந்தையாதிக்க யதார்த்தங்கள்' என்று பொருள்படும். கிழக்கில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை முஸ்லிம், தமிழ், சிங்களம் என மூன்று சமூகங்களிலும் ஆராய்ந்தார். தாய்வழிச் சொத்து முறை இருப்பதால் மட்டும் பெண்ணுக்குச் சுதந்திரம் வந்துவிடாது என்பது அவரது வாதம். பொருளியல்காரரின் நூல், வாசிக்கக் கடினமானது. வெளியூர்க்காரர் எங்கள் குறையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார் என்று முதலில் எனக்குக் கோபமும் வந்தது. என் ராத்தாவின் கதையை வைத்துப் பார்த்தபோது கோபம் போய்விட்டது.

ராத்தாவுக்கு 1998இல் கலியாணம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாப்பா கட்டிய கல்வீடு, உறுதி ராத்தாவின் பெயரில். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த வீடு அத்திவாரத்தோடு போயிற்று. உயிர்கள் தப்பின. பிறகு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது, ஆனால் அதற்குள் மக்களின் பெயர்கள் வேறு பட்டியல்களில் ஏறிவிட்டன. 2008இல் உள்நாட்டுப் பக்கத்தில் ஒரு வீடு கிடைத்தது. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கூடு. அதில் மச்சானின் பெயர் எழுதப்பட்டது. எழுதிய உத்தியோகத்தர் கெட்டவரல்லர். அந்தக் கூட்டில் ஆணின் பெயரை எழுதவேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். ராத்தாவும் அருகில் நின்றார். நானும் நின்றேன். எழுத்து வேலைக்கு உதவியென்று என்னைத்தான் கூட்டிப்போயிருந்தார்கள். பேனை என்னுடையது.

பெண்ணின் உறுதி கடலோடு போக, ஆணின் பெயரில் அனுமதிப்பத்திரம் வந்தது. ஒரு படிவத்தில் ஒரு கூட்டை நிரப்பியதோடு பல தலைமுறை வழக்கம் தலைகீழாயிற்று. ஊரில் யாரும் சத்தம் போடவில்லை. சுனாமி வீட்டுத் திட்டங்கள் பற்றி மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்சும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2010இல் வந்தது. 'சீதனக் கனவு' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். புதிய வீடு ஒன்றைப் பெறும்போது பெற்றோரின் மனதில் மகளின் கலியாணம்தான் நின்றது என்பதை அது சொல்கிறது. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பார்த்து உதவி நிறுவனத்தார் 'இவர்களுக்குத் தேவையில்லை, பொய் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்' என்று முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு மகள் இருப்பதை அவர்கள் பார்க்கவில்லை.

2014இல் மச்சான் ராத்தாவைத் தலாக் சொல்லிவிட்டார். காரணங்களுக்குள் போக நான் விரும்பவில்லை. வீடு அவருடைய பெயரில். காதியிடம் போனோம். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் 'கைக்கூலி' என்றொரு சொல் உண்டு. பெண் தரப்பார் மாப்பிள்ளையிடம் அவளுக்காகக் கொடுத்ததை அவள் மீளக் கேட்கலாம். சட்டம் அதற்குத் தரும் வரைவிலக்கணம் பணத்தையும் அசையும் ஆதனத்தையும் மட்டும் உள்ளடக்குகிறது. வீடு அசையாது. நகை என்றால் பேசலாம், வீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் போங்கள் என்று சொல்லப்பட்டது. அங்கேயும் கடலில் போன உறுதியை வைத்துக்கொண்டு, அரசாங்கம் வேறு இடத்தில் வேறொருவர் பெயரில் கொடுத்த காணியைக் கேட்க வேண்டும். சட்டம்கூட நம் சிறுகதையைப்போலவே யோசித்திருக்கிறது: சீதனம் என்றால் காசு.

இச்சட்டத்தைத் திருத்த 2009இல் நியமிக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. வலியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் மணமகளின் கையெழுத்தும் வேண்டுமா, பெண்கள் காதியாகலாமா, குறைந்த வயது என்ன என்று நம் ஊடகங்களில் பெரிய வாதம் நடந்தது. வேண்டிய வாதம்தான். வீட்டைப் பற்றி ஒரு வரி வருகிறதா என்று பத்திரிகைகளை ஆவலோடு பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. அரசு கொடுக்கும் காணிகளில் அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால் பெண்மக்களுக்கு முன்னே ஆண்மக்களை நிறுத்திய 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோதும் நம் இலக்கியக் கூட்டம் எதிலும் அது பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை. இவையெல்லாம் சட்டத்தரணிகளின் வேலை, நமக்கென்ன என்று கேட்கலாம். குமர்ப் பெண்ணின் கண்ணீர் நம் வேலை என்றால் அவள் படுத்திருந்து அழும் அறை யாருடையது என்பதும் நம் வேலைதான்.

தலாக்கின் பின் ராத்தா எங்கே போவது? உம்மா இளைய தங்கச்சியின் வீட்டில் ஒதுங்கியிருந்தார். அது தங்கச்சியின் பெயரில் எழுதிய வீடு. நான் சகோதரன், உத்தியோகம் பார்ப்பவன். நான் இருந்தது மனைவியின் வீட்டில். மனைவி வரச் சொன்னார். மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் போதுமாயிருந்தது. ராத்தா ஒரு இரவு தங்கிவிட்டுக் காலையில் பையைத் தூக்கினார். "தம்பி, இது ஒண்ட ஊடில்ல" என்றார். ஆண்மக்களைக் கையில் வீடில்லாதவர்களாக வளர்த்து, பெண்மக்களுக்கு எழுதி வைக்கும் ஒரு முறையில், பெண்ணின் உறுதி கைமாறினால் அவளுக்குத் திரும்பிப் போகத் தாய்வீடு கிடையாது. அது ஏற்கனவே தங்கச்சிக்குப் போய்விட்டது. ருவன்புரவின் நூலில் எனக்கு விளங்காமல் கிடந்த பல பக்கங்கள் அந்தக் காலையில் விளங்கின.

நம்மவர்களின் ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர். அவர்கள் விட்டுவந்தவற்றைக் கணக்கெடுத்தவர் 2018இல் காலமான பேராதனைப் புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லா. வீடு, காணி, கடை, தோட்டம், நகை என்று பட்டியலிட்ட அவருடைய பக்கங்களை வாசிக்கும்போது அலங்காரம் ஒன்றுமில்லாத எண்கள் எப்படி மனதைப் பிசையும் என்று விளங்கியது. தான் பிறந்த மண்ணைப் பற்றிய கேள்வி அது. எதை எண்ணவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று நம் கையில் வந்து சேரும் தமிழ் ஆய்வுக் கட்டுரைகள் பல அப்படியல்ல. 'இது ஒரு விபரண ஆய்வாகும், எழுமாற்று மாதிரி மூலம் நூறு பேர் தெரிவுசெய்யப்பட்டனர்' என்று தொடங்கி 'விழிப்புணர்வு ஊட்டப்படல் வேண்டும்' என்று முடியும். நடுவில் ஆளில்லை. கேள்விகளும் காலத்துக்குக் காலம் யாரோ அனுப்பி வருகின்றன. சுனாமிக்குப் பின் எங்கள் ஊருக்கு வந்தவர்கள் மனவடுவைப் பற்றிக் கேட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் வந்தவர்கள் அபாயாவையும் மதரசாவையும் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொரு காலத்திலும் மதிலுக்குப் பின்னால் மேசன் ஒருவர் ஏதோ ஒரு மகளுக்குக் கல் வைத்துக்கொண்டுதான் இருந்தார். காணித்துண்டு போதாமல் இப்போது ஒரு மகளுக்குக் கீழ்த்தட்டு, மற்றவளுக்கு மேல்மாடி. அதற்கான காசு கட்டாரிலிருந்து தம்பி அனுப்பியது, சில வீடுகளில் குவைத்தில் வீட்டு வேலை செய்யும் உம்மா அனுப்பியது. மேல்மாடிக்கு உறுதி எப்படி எழுதுவது என்று நொத்தாரிசுமார் தலையைச் சொறிகிறார்கள். இதில் எத்தனை கதைகள்!

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டி முடித்த 500 சுனாமி வீடுகள் வழக்கில் அகப்பட்டுப் பல வருடங்களாகக் காடுபற்றிக் கிடந்த காட்சியை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி மேடையில் நிறையப் பேசினோம். இனப் பிரச்சினையாகத்தான் பேசினோம், அது உண்மையும்கூட. ஐந்நூறு பெண்மக்களின் கலியாணக் கதையாகவும் அதைப் பார்த்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு இரண்டு மகள்மார். மூத்தவளுக்கு வயது பதின்மூன்று. பின்வளவில் தூண் எழுப்பிக்கொண்டிருக்கிறேன். மேடையில் சீதனத்தை எதிர்த்துப் பேசியவன் கல் ஏற்றிக்கொண்டு வருகிறான் என்று நண்பர் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கட்டாமல் விட்டால் மகள் எங்கே நிற்பாள் என்று ராத்தாவைப் பார்த்தவனுக்குத் தெரியும். கட்டினால் கட்டாத தகப்பனின் மகளுக்கு நான் என்ன செய்கிறேன் என்பதும் தெரியும். இதற்கு என்னிடம் விடையில்லை.

நோன்புப் பெருநாள் விடுமுறையில் பழைய பெட்டியைக் கிளறியபோது 2002இல் வந்த அந்தச் சிற்றிதழ் கிடைத்தது. ராத்தாவிடம் கொடுத்தேன். தங்கச்சியின் வீட்டுப் பின்பக்கத்தில் தகரம் இறக்கிய ஒற்றையறையில் இப்போது தையல் மெசினோடு இருக்கிறார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு பக்கத்தையும் நிதானமாக வாசித்தார். நல்லாரிக்கி என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு கலியாணம் முடிச்ச பொறகு எந்த ஊட்டுல இருந்தா?" என்று கேட்டார்.

நான் இதழை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை சபையில் எழுந்து பேசுகிறான், எல்லோரும் மாஷா அல்லாஹ் என்கிறார்கள், அதோடு கதை முடிந்திருந்தது.